தட்டு தொப்புளைத் தாண்டக் கூடாது

ரிட்டையர் ஆனவன் எழுதுகிறேன் என்றதும் வெள்ளை மீசை, மூக்குக் கண்ணாடி என்று எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு வயது முப்பத்து நாலு. ரிட்டையர் ஆனது என் முதுகுதான். அதை மட்டும் தனியாக விமானம் ஏற்றி அனுப்ப முடியாது என்பதால் நானும் கூடவே ஊருக்கு வந்துவிட்டேன். தோஹாவில் ஒன்பது வருடம் பெட்டி தூக்கியதற்குக் கிடைத்த பரிசு இந்த முதுகு. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றார். என் தங்கச்சி மகளே பன்னிரண்டு கிலோ இருப்பாள்.

எங்கள் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் இப்போது அதே கம்பெனியில் அதே வேலைக்குப் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் போன் வந்துவிடும்.

"அண்ணே, இப்பல்லாம் பேப்பரே கிடையாதுண்ணே. எல்லாம் டேப்லெட்டுதான். போட்டோ எடுத்தா போதும், எங்க கீறல் இருக்குன்னு அதுவே காட்டிருது."

"எவன் என்ன செஞ்சான்னு காட்டுதா?"

"அதெல்லாம் எதுக்குண்ணே?"

எதற்கு என்று கேட்டான் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில் ஆனவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கும் வேலை வேண்டும்.

முதலில் மஸ்கட்டில், ரூவியில், இரண்டு வருடம் வீடு மாற்றுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் சுமந்தேன். அதற்கப்புறம் தோஹா. நஜ்மாவில் ஒரு ரூமில் ஆறு பேர். இந்தக் கம்பெனிக்குக் கண்காட்சி வேலை: வெளிநாட்டு மியூசியங்களிலிருந்து வரும் பழம்பொருளை இறக்கி, பிரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது, முடிந்ததும் திரும்பக் கட்டி அனுப்புவது. பயிற்சி என்று ஒரு மாதம் செங்கல்லைப் பஞ்சில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினோம். செங்கல்லுக்கு அவ்வளவு மரியாதை உலகத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

எனக்கு மேலே இருந்தவர் நிரோஷா மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். ரெஜிஸ்ட்ரார் என்பது பதவி. கல்யாணம் பதிகிற ரெஜிஸ்ட்ரார் இல்லை. எந்தப் பொருள் எப்போது வந்தது, எப்படி வந்தது, யார் தொட்டது என்று பதிகிறவர். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தினால் பதிலுக்கு நாமும் ஏதாவது சொல்லலாம். அவர் மெதுவாகக் கேட்பார், நமக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பொருள் இருக்கும் அறைக்குள் பேனா கூடாது, மை சிந்திவிடும் என்று பென்சில்தான். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மணி எழுதுவார். எழுதியதை ரப்பர் வைத்து அழித்து நான் பார்த்ததில்லை. அவருடைய பென்சிலின் பின்பக்க ரப்பர் புதுசாகவே இருக்கும்.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. பெட்டி விமானத்திலிருந்து வந்ததும் ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் திறக்காமல் வைப்பார்கள். சூடும் குளிரும் சமமாக வேண்டுமாம்.

"மேடம், ஃப்ளைட்ல வந்த எனக்கு இப்படி ஒரு நாளு ரெஸ்ட் குடுத்தீங்களா? எறங்குன அன்னைக்கே டூட்டி."

"நீங்கள் வெடிச்சுப் போவீங்களோ முத்துவேல்?"

"மாட்டேன் மேடம்."

"அப்ப என்னத்துக்கு ரெஸ்ட்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட மாட்டார். அருள்ராஜ் அண்ணன்தான் மூலையில் நின்று சிரிப்பார். அருள்ராஜ் அண்ணன் எங்கள் பெட்டி ஆள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரைக்காரர், படகுத் தச்சு வேலை செய்தவர். மரப்பெட்டியைத் தட்டிப் பார்த்தே எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் வாய்க்கு அவர்தான் தினமும் தீனி.

பொருளைத் தூக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாம் கழற்றிவிட வேண்டும். யூனிஃபார்மில் சட்டைப் பாக்கெட், பேண்ட் பாக்கெட் எல்லாம் தைத்து மூடியிருக்கும். பொருளைப் பெட்டியிலிருந்து எடுக்கும் உரிமை அதோடு கூடவே வரும் மியூசியக்காரருக்கு மட்டும்தான். அவரை கூரியர் என்பார்கள். முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது பார்சல் கொண்டுவரும் பையன் என்று நினைத்து, கோட்டு சூட்டோடு வந்த ஒரு பெரிய மனிதரிடம் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அது வேறு கதை. கூரியர் பொருளை எடுத்து மெத்தை போட்ட தட்டில் வைப்பார். அந்தத் தட்டை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குக் கொண்டுபோவது நான். இரண்டு கையாலும், ஒட்டிப் பிடித்து, இடுப்பு உயரத்தில். நிரோஷா மேடம் இங்கிலீஷில் நீளமாகச் சொன்ன விதியை எங்கள் ஆட்களுக்கு நான் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தேன்: தட்டு தொப்புளைத் தாண்டக் கூடாது.

அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவனே மீறின கதைதான் இது.

அது ரோமாபுரி நகைகளின் கண்காட்சி. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின தங்கம், எல்லாவற்றிலும் கலர் கல் பதித்தது. எகிப்துப் பக்கம் தோண்டின மரகதம், கடலில் எடுத்த முத்து, மாதுளை விதை நிறத்தில் கார்னெட் என்று ஒரு சிவப்புக் கல். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருந்த எனக்கு முதல் பெட்டி திறந்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன மேடம், எங்க சித்தி கழுத்துல கெடக்குறது இதைவிடப் பெருசா இருக்கும்."

"உங்கட சித்திட்ட இருக்கிறதை இரண்டாயிரம் வருசம் கழிச்சு ஆராவது கண்ணாடிக்குள்ள வைப்பினமோ?"

"சித்தியவே வைக்கலாம் மேடம், அப்படி ஒரு ஆளு."

அன்றைக்குத்தான் அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்றே கணக்கில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் நாளாக ஆக அந்த நகைகள் என்னை என்னவோ செய்தன. மிஷின் கிடையாது, கரண்டு கிடையாது. அரிசி நுனி மாதிரி தங்க மணியை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறான். கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை வளைத்து, ஓரத்தை அமுக்கி, கல் நகராமல் பிடிக்க வைத்திருக்கிறான். மரகதத்தைப் பட்டை தீட்டாமல், விளைந்தபடியே ஆறு பக்கத்தோடு ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்திருக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்த நாட்கள் அவை. அருள்ராஜ் அண்ணன் பயந்துபோய், "லேய், காய்ச்சலா ஒனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பிரச்சினை வந்தது ஒரு ஒற்றைக் கம்மலில். மேலே வட்டமாக ஒரு தகடு, அதில் சிவப்புக் கல் ஏழு. கீழே குறுக்குக் கம்பி, அதில் தொங்கும் பச்சைக் கல் மூன்று, முத்து இரண்டு. மூன்றாவது முத்து எந்தக் காலத்திலேயோ விழுந்துவிட்டது. பொருளின் நிலையைக் கல் கல்லாக எழுதி அதோடு அனுப்பும் ரிப்போர்ட்டிலேயே அது இருக்கிறது. கூரியராக வந்தவர் பாவ்லா என்று நரைமுடி அம்மா ஒருவர். முப்பது வருடமாக அந்த நகைகளோடு இருப்பவர். கம்மலைப் பெட்டியிலிருந்து பெற்ற பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கி என் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு லென்ஸ் எடுக்கத் திரும்பினார். நிரோஷா மேடம் ரிப்போர்ட்டில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அருள்ராஜ் அண்ணன் பெட்டி மூடியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அடுத்த மேசைக்கு ஆறு அடி நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் என் கை தானாக மேலே போனது. தட்டை முகத்துக்கு நேரே தூக்கி, தலையைக் குனிந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? எங்கள் வீட்டில் தங்கம் என்று ஒன்று கைக்கு வந்தால் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த ஆள் கையில் கொடுப்போம். தாலிக்குண்டோ பிள்ளைக்கு வாங்கின மோதிரமோ, எதுவானாலும் அப்படித்தான். யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி வரும், போகும். கம்மல் என் கண்ணில் படக்கூட இல்லை, தட்டின் விளிம்புதான் பட்டது. இரண்டு விநாடி இருக்கும். இறக்கி, நடந்து, மேசையில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

பாவ்லா அம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். நிரோஷா மேடம் ரிப்போர்ட்டைப் படிக்க, அவர் ஒவ்வொன்றாகத் தலையாட்டினார். சிவப்புக் கல் வந்ததும் தலை நின்றுவிட்டது. மறுபடி எண்ணினார். ஆறு. ஏழாவது கல் இருந்த இடத்தில் ஒரு குழியும், அதற்குள் கொஞ்சம் வெள்ளைப் பொடியும்தான் இருந்தன. கல்லுக்கு அடியில் அந்தக் காலத்தில் அடைத்த சுண்ணாம்பு மாதிரியான பொடி அது. காய்ந்து உதிர்ந்துபோய், கல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ஆரும் அசைய வேண்டாம்" என்றார் நிரோஷா மேடம்.

அதுதான் முறை. ஒரு பொருளிலிருந்து ஏதாவது விழுந்தால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், காலடியில் கிடந்தாலும் கிடக்கலாம் இல்லையா. வாசலில் செக்யூரிட்டி ஆபீசர் வந்து நின்றார். மேடமும் பாவ்லா அம்மாவும் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தார்கள். அப்படி அடித்தால் எறும்புக்குக்கூட நீளமாக நிழல் விழும். பெட்டியின் மெத்தையை விரலால் தடவினார்கள். நானும் அருள்ராஜ் அண்ணனும் நின்ற இடத்தில் ஷூவைத் தூக்கிக் காட்டினோம். கல் மிளகில் பாதிதான் இருக்கும். எங்கும் இல்லை. இரண்டு மணி நேரம் போனது.

பாவ்லா அம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறக்கும்போது டிரில் மிஷின் சத்தம் கேட்டதே, அந்த அதிர்வில்தான் கல் கழன்றிருக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். அருள்ராஜ் அண்ணன் வெளிப்பெட்டியை மட்டும்தான் டிரில்லால் திறந்தார். அதற்கு அனுமதி உண்டு. உள்பெட்டியின் திருகாணி எல்லாம் கையால்தான் கழற்றினார். ஆனாலும் கேள்வி அவர் பக்கம் திரும்பிவிட்டது. விசாரணை முடியும்வரை யாரும் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றார் செக்யூரிட்டி ஆபீசர்.

அருள்ராஜ் அண்ணனுக்கு மறுநாள் லீவில் விமானம். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விழா. மூன்று வருடம் கழித்துப் போகிறார். மகளுக்கு வாங்கின வெள்ளை கவுனை ரூமில் எல்லோரிடமும் விரித்து விரித்துக் காட்டியிருந்தார். அழுக்குக் கை படும் என்று என்னை மட்டும் தொடவிடவில்லை.

நிரோஷா மேடம் எழுதினார். எழுதியதைத் தமிழில் அண்ணனிடம் படித்துக் காட்டினார்: "வெளிப்பெட்டி மின்சார டிரில்லால் திறக்கப்பட்டது. திறந்தவர் அருள்ராஜ். சரியோ?"

"சரிதாம்மா" என்றார் அண்ணன். வாதாடவே இல்லை. "எங் கையில ஏதும் தப்பு நடந்துருக்கும்போலருக்கு. கடவுளுக்குத்தான் தெரியும்."

கடவுளுக்கு மட்டுமா தெரியும். எனக்கும்தானே தெரியும். இரண்டு மணி நேரமாக நான் யோசித்துக்கொண்டிருந்ததை மறைக்காமல் சொல்கிறேன்: யாரும் பார்க்கவில்லை, பேசாமல் இரு. வேலை போகும், விசா போகும், ஊரில் என்னவென்று சொல்வது. தலைக்கு மேலே கேமரா இருப்பதுகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் அண்ணன் அந்த 'சரிதாம்மா'வைச் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"மேடம், அதை அழிங்க. அவரு இல்ல. நாந்தான்."

"எழுதினதை நான் அழிக்கிறேல்லை. கீழ எழுதலாம். சொல்லுங்கோ."

"தட்டத் தூக்கிக் கண்ணுல ஒத்துனேன் மேடம்."

அருள்ராஜ் அண்ணன் என்னையே பார்த்தார். "லேய்…" என்றார், அவ்வளவுதான்.

"ஏன் செய்தனீங்கள்?"

"தங்கம் மேடம். எங்க வீட்டுல அப்படித்தான்."

அவர் மணி பார்த்தார், எழுதினார். ஒரு காலித் தட்டை என் கையில் கொடுத்தார். "எப்பிடிச் செய்தனீங்களோ, அப்பிடியே செய்யுங்கோ."

செய்தேன். தட்டு மேலே போகும்போது என் பக்கம் லேசாகச் சாய்வது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நிரோஷா மேடத்தின் கண் தட்டின் விளிம்பிலிருந்து என் நெஞ்சு, வயிறு என்று இறங்கி, காலில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அசையாதேங்கோ. முதல்ல இதில கையெழுத்துப் போடுங்கோ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. உண்மையைச் சொன்னவனை முதலில் தேடவாவது விட வேண்டாமா? ஆளை மாட்டிவிட அவ்வளவு அவசரமா? கோபத்தோடு பென்சிலை வாங்கி, தமிழில், பெரிதாக, முத்துவேல் என்று போட்டேன். அவர் அதற்குக் கீழே மணி எழுதி, பாவ்லா அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, செக்யூரிட்டி ஆபீசரிடமும் வாங்கினார். அதற்கப்புறம்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு என் காலடியில் மண்டிபோட்டார்.

நான் கொஞ்சம் குள்ளம். கம்பெனி கொடுக்கும் பேண்ட் எல்லோருக்கும் ஒரே நீளம். தையல்காரரிடம் கொடுக்கச் சோம்பல்பட்டு, கீழே இரண்டு சுற்று மடித்துவிட்டிருந்தேன். வலது கால் மடிப்புக்குள், நூல் பிசிறில் சிக்கிக்கொண்டு, அந்தச் சிவப்புக் கல் உட்கார்ந்திருந்தது.

பாவ்லா அம்மா சின்ன இடுக்கியால் அதை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டார். உடைசல் இல்லை, கீறல் இல்லை. பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அருள்ராஜ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். பாக்கெட் எல்லாம் தைத்து மூடிய யூனிஃபார்மில், கல் வைப்பதற்கு வாகாக நானே ஒரு பாக்கெட் செய்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் செக்யூரிட்டி ஆபீசர் கேமராப் படத்தைக் காட்டினார். கேமரா எனக்குப் பின்னால் இருந்திருக்கிறது. படத்தில் என் முதுகு தெரிகிறது, இரண்டு கையும் முகத்துக்குப் போகின்றன, தலை குனிகிறது. கல்லைக் கவ்வி எடுத்த மாதிரியே இருக்கிறது. நானே பார்த்தாலும் இவன் திருடன் என்றுதான் சொல்வேன்.

"பாய்" என்றார் அவர், இந்தியில். "நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கல் உன் காலில் கிடைத்திருந்தால், இந்தப் படத்தோடு உன்னைப் போலீசில் கொடுத்திருப்பேன். நான் என்ன, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வான். பேப்பரில் உன் கையெழுத்து முதலில் இருக்கிறது, கல் கிடைத்தது பிறகு இருக்கிறது. கலாஸ், விஷயம் முடிந்தது, போ."

நிரோஷா மேடம் என் பேண்ட் மடிப்பை முன்னாலேயே கவனித்துவிட்டாரா, இல்லை முறைப்படி மட்டும்தான் செய்தாரா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்டும் பார்த்தேன்.

"மேடம், அப்பவே கல்லு தெரிஞ்சிருச்சா ஒங்களுக்கு?"

"பேண்டைத் தையுங்கோ முத்துவேல். மடிச்சுக்கொண்டு வராதேங்கோ."

அதுதான் பதில். அன்று சாயங்காலமே தைத்துவிட்டேன்.

வேலை போகவில்லை. ஆனால் அந்தக் கண்காட்சி முடியும்வரை தட்டைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடித்தேன், நாற்காலி போட்டேன். நியாயம்தான். அருள்ராஜ் அண்ணன் மறுநாள் விமானம் ஏறினார். ஊரிலிருந்து மகள் படத்தை அனுப்பி, கூடவே ஒரு குரல் செய்தியும் விட்டிருந்தார்: "லேய் மக்கா, கண்ணுல ஒத்தணும்னா வந்து எம் புள்ளயோட கவுன ஒத்திக்க. இனிமே உன்ன ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்." கம்மலை ஆறு கல்லோடும் ஒரு குழியோடும்தான் கண்ணாடிக்குள் வைத்தார்கள். ஏழாவது கல் குப்பியிலேயே இருந்தது; ஊரில் போய் ஒட்டிக்கொள்வதாக பாவ்லா அம்மா சொல்லிவிட்டார்.

கண்காட்சி முடிந்து திரும்பக் கட்டும் நாளில் அவர் மறுபடி வந்தார். எல்லாவற்றையும் சரிபார்த்து, நிரோஷா மேடம் அன்றைக்கு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளையும் ஒரு உறையில் போட்டுக் கம்மலின் ஃபைலோடு சேர்த்தார். நிரோஷா மேடத்திடம் போனேன்.

"மேடம், அது எதுக்கு அதோட போகுது? பிரச்சினைதான் முடிஞ்சிருச்சே."

"ஒரு பொருளுக்கு என்ன நடந்தாலும் அது அந்தப் பொருளோடயே இருக்கும். இனி எந்த நாட்டுக்குப் போனாலும், பெட்டி திறக்கிறதுக்கு முன்னம் ஆக்கள் அதை வாசிப்பினம்."

"நம்ம எல்லாம் செத்தாலுமா?"

"ஓம்."

"அதுல எம் பேரு இருக்கே மேடம். திருடன்னு நெனச்சிர மாட்டாங்களா?"

அவர் உறையை வாங்கி, தாளை வெளியே எடுத்து, பென்சில் முனையால் ஒரு வரியைக் காட்டினார். இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் சட்டென்று பிடிபடாது. அவரே வாசித்துச் சொன்னார்.

"தட்டைக் கண்ணுக்கு உயர்த்தினார். காரணம்: மரியாதை."